நீல ஒயரும் நான்கு கால் ரிலேயும்

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

அறிவியல் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவில் எழுவன விண்கலங்களும் அணு உலைகளுமே. அவற்றைப் பற்றி எழுத நம் மலரில் எப்போதும் ஒருவர் இருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெரியதன்று. சுற்றுலா வேனில் பாட்டுப் போடுகிறார்களே, அந்த ஸ்டீரியோ செட்டின் பின்புறம் வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர் ஒன்று தொங்கும். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். 'இதற்கெல்லாமா ஒரு கட்டுரை?' என்று நண்பர்கள் நகைக்கலாம். அந்த ஒயரால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு தடுமாறியதைக் கண்ணால் கண்டவன் நான், ஆகவே எழுதுகிறேன்.

என் தாய்மாமன் எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என் பெற்றோர் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் மாமாவின் கடையில் கைவேலை செய்கிறேன்; பஸ் செலவும் நோட்டுச் செலவும் அதில் கிடைத்துவிடுகின்றன. "புத்தகத்துல இருக்கிறது வேற, வண்டியில இருக்கிறது வேற மாப்ளே" என்பார் மாமா. "இவ்வளவு படிச்சு என்ன வேலைக்குய்யா போவ?" என்பார் என் தாயார். இருவருக்கும் சொல்ல என்னிடம் விடை இல்லாதிருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, கயிறு கட்டி இழுக்கப்பட்டு ஒரு சுற்றுலா வேன் கடைக்கு வந்தது. கடனில் எடுத்த வண்டி, ஓட்டுநரே உரிமையாளர். விடியற்காலை 4 மணிக்கு ஒரு குடும்பத்தைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துச் செல்லவேண்டியவர், சாவியைத் திருப்பியிருக்கிறார். 'டிக்' என்ற ஓசை மட்டுமே வந்திருக்கிறது. காத்திருந்தவர்கள் வேறு வேனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "அண்ணே, இந்த மாசத்துல இது ரெண்டாவது தடவை. வாடகையும் போச்சு, பேரும் போச்சு. தவணைக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது. அந்தப் பாட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

மாமா முதலில் வேறொரு பாட்டரியின் துணையால் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். 14 வோல்ட் வந்தது. ஆகவே சார்ஜ் ஏறுவதில் குறையில்லை. எஞ்சினையும் செட்டையும் நிறுத்திவிட்டு, பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்தார். ஒன்றும் ஓடாத வண்டியில் 4 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பெரிய ஃபியூஸைப் பிடுங்கியதும் முள் சட்டென்று இறங்கியது. பின் இருக்கையைத் தூக்கினோம். நான்கு ஆம்ப்ளிஃபயர்களும், அவற்றைக் குளிர்விக்க இரண்டு சிறிய விசிறிகளும் இருந்தன. நான்கிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இங்கே ஆம்ப்ளிஃபயர் விழிக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பாட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று நேராக வருகிறது. அதில் எப்போதும் மின்சாரம் உண்டு. முழு ஒலியில் பத்துக்கணக்கான ஆம்பியர் ஓடும் அந்த ஒயரைச் செட்டின் சின்னஞ்சிறு பித்தானால் திறந்து மூட முடியாது. எனவே 'ரிமோட்' என்னும் தனி முனை ஒன்று ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. செட்டைப் போட்டதும் அந்த நீல ஒயரில் 12 வோல்ட் வரும். அதைக் கண்டு ஆம்ப்ளிஃபயர் விழிக்கும். செட்டை நிறுத்தினால் 12 வோல்ட் போகும், அதுவும் உறங்கும். நீல ஒயர் சுமை தூக்குவதில்லை, சைகை மட்டுமே காட்டுகிறது.

அந்த வேனிலோ நீல ஒயர் துண்டிக்கப்பட்டு, நான்கு ரிமோட் முனைகளும் விசிறிகளும் ஒரு சுவிட்சு வழியாகப் பாட்டரியோடு இணைக்கப்பட்டிருந்தன. செட்டோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபயர்கள் ஓடவில்லை என்றபோது முன்பு யாரோ செய்து கொடுத்த குறுக்குவழி. இரவில் களைத்து வந்து இறங்கும் மனிதர் அந்தச் சுவிட்சை மறந்தால் என்ன ஆகும்? ஆம்ப்ளிஃபயர் ஒன்று சும்மா விழித்திருக்க ஏறத்தாழ 1 ஆம்பியர். நான்குக்கு 4 ஆம்பியர். மாலை 6 மணி முதல் விடியல் 4 மணி வரை 10 மணி நேரம். மொத்தம் 40 ஆம்பியர்-மணி. பாட்டரியோ 80 ஆம்பியர்-மணி. பாதி போய்விட்டது! ஏற்கெனவே ஒருமுறை இப்படி வற்றிய பாட்டரியால் டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டரைச் சுழற்ற இயலுமா?

சரி, செட்டோடு ஏன் ஓடவில்லை? நீல ஒயரைச் சோதிக்க மாமா வழக்கம்போல் டெஸ்ட் பல்பை எடுத்தார். "மாமா, பல்பு வேண்டாம், மீட்டர் வைப்போம்" என்றேன். அது 5 வாட் பல்பு. 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் இழுக்கும். செட்டின் கையேட்டில் நீல ஒயருக்கு 300 மில்லி ஆம்பியர்தான் எல்லை என்றிருந்தது. மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது. ஒயர் உயிரோடுதான் இருந்தது. எல்லாவற்றையும் அதில் மாட்டியதும் 6 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாக அளந்தோம். ரிமோட் முனை ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியர் வீதம் நான்குக்கு 80; விசிறி ஒன்றுக்கு 200 வீதம் இரண்டுக்கு 400; ஆக மொத்தம் 480 மில்லி ஆம்பியர். ஆம்ப்ளிஃபயர்களை மட்டும் பக்க இணைப்பில் கோத்திருந்தால் செட்டு தாங்கியிருக்கும். சைகை காட்டவேண்டிய ஒயரில் விசிறியையும் சுமத்தியதுதான் வினை.

"ஹாரனுக்கு ரிலே போடுற மாதிரி இதுக்கும் போட்டா என்ன மாப்ளே?" என்றார் மாமா. உடனே அவரே, "ரிலேயும் கரண்டு இழுக்குமே, செட்டு தாங்குமா?" என்றும் கேட்டார். நான் ரிலேயின் கம்பிச்சுருளை அளந்தேன்; 80 ஓம். ஆய்வகத்தில் எத்தனையோ முறை சரிபார்த்து நோட்டில் எழுதிய ஓம் விதியை அன்று சிமெண்ட் தரையில் சாக்பீஸால் எழுதினேன். 12 வோல்ட்டை 80 ஓமால் வகுத்தால் 0.15 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் என்றாலும் 0.175 ஆம்பியர். இரண்டும் 300 மில்லி ஆம்பியருக்குள் அடக்கம். "தாங்கும் மாமா" என்றேன். என் படிப்பு எனக்குத் தந்த முதல் உறுதியான விடை அதுவே.

ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்ற எண்கள் இருக்கும். அவை டி.ஐ.என். 72552 என்னும் ஜெர்மானியத் தரநிலை வகுத்த எண்கள். நீல ஒயரை 86இல் கொடுத்தோம். 85ஐ எர்த்தில் சேர்த்தோம். பாட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஓர் ஒயரை 30க்குக் கொண்டுவந்தோம். 87இலிருந்து நான்கு ரிமோட் முனைகளுக்கும் இரண்டு விசிறிகளுக்கும் பக்க இணைப்பாகப் பிரித்தோம். இப்போது செட்டு சைகை காட்டும்; சுமையை ரிலே தாங்கும்.

ரிலே தத்துவத்தை 1835ஆம் ஆண்டில் கண்டவர் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி. எளிய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் கடிகாரம் செய்பவரிடம் தொழில் பழகியவர் அவர். நம் பாடநூலில் தன்மின் தூண்டலின் அலகாக நிற்கும் ஹென்றியும் இவரே. அந்தப் பாடமும் இங்கே வேண்டியிருந்தது. கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், அதில் எதிர்த் திசையில் பல மடங்கு மின்னழுத்தம் எழும். அது செட்டுக்குள் பாய்ந்தால் அங்குள்ள டிரான்சிஸ்டர் கெடும். ஆகவே 85க்கும் 86க்கும் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, வெள்ளி வளையம் 86 பக்கம் இருக்குமாறு பற்றவைத்தேன். மாமா அதுவரை ரிலேக்கு டையோடு போட்டதில்லை. ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நான் தெரிந்துகொண்டவை அதைவிட அதிகம். எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சிடும்வரை தேய்க்கவேண்டும் என்றார் மாமா. ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கித் துருவேறும் என்றார். ஒயர் தகட்டில் உரசும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடச் சொன்னார். இவை எந்தத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. ஆனால் இவை இல்லையேல் என் கணக்கு ஒரு மழைக்காலம்கூட நிற்காது.

செட்டைப் போட்டோம், நான்கு விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. நிறுத்தினோம், ஒன்றாக அணைந்தன. மீட்டரில் மின்னோட்டம் சில மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. மாமா அந்தச் சுவிட்சைக் கழற்றி ஓட்டுநரின் கையிலேயே கொடுத்தார். அதன்பின் அந்த வேன் எங்கள் கடைக்கு இழுபட்டு வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தானாகவே ஓடி வந்தது, முன்விளக்குக்குப் பல்பு மாற்ற! அன்று மாலை என் தாயாரிடம் மாமா சொன்னார்: "அக்கா, இவன் படிக்கிறது வண்டிக்கும் ஆகும்க்கா."

நண்பர்களே, நம்மில் பலர் பட்டறையிலிருந்தும் வயலிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் இங்கே வந்தவர்கள். கல்லூரிக்குள் நுழையும்போது அந்த அறிவை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று எண்ணுகிறோம். அது தேவையில்லை. ஓம் விதி ஆய்வக மேசைக்கு ஒன்று, வேனின் இருக்கைக்கு அடியில் ஒன்று என இரண்டாக இல்லை. நம் வீட்டார் கைப்பழக்கத்தால் அறிந்தவற்றுக்குக் காரணத்தைச் சொல்ல நாம் கற்போம். நாம் காகிதத்தில் அறிந்தவற்றைக் கையால் செய்ய அவர்களிடம் கற்போம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஆய்வகத்தில் ஒரு நான்கு கால் ரிலேயையும் ஒரு பழைய ஸ்டீரியோ செட்டையும் வைத்தால், ஓம் விதியும் மின்காந்தமும் தன்மின் தூண்டலும் ஒரே மேசையில் அமர்ந்துவிடும். செலவும் பெரிதன்று. இசைவு தந்தால், பழைய செட்டு ஒன்றைத் தர என் மாமா காத்திருக்கிறார்.