செம்மண் வழியே கீரிமலைக்கு

ஒரு நாட்டைப் பார்ப்பதற்கு வழிகள் பல உண்டு. மோட்டார் வண்டியில் விரைபவன் ஊர்களின் பெயர்ப்பலகைகளைப் பார்க்கிறான். புகைவண்டியில் செல்பவன் வீடுகளின் பின்வளவுகளைப் பார்க்கிறான். நடந்து செல்பவன் எல்லாவற்றையுமே பார்க்கிறான். ஆயினும் ஒரு பகலில் அவன் காணக்கூடிய ஊர்கள் இரண்டோ மூன்றோதான். பத்து ஊர்களைக் கடக்கவும் வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் நின்று நிதானிக்கவும் வேண்டும் என்று விரும்புபவனுக்கு ஏற்ற வாகனம் ஒன்றே. அது துவிச்சக்கர வண்டி.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வண்டியின் பெருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருள் அருமையாகிவிட்ட காலத்தில், எம் தலைமுறையினர் பள்ளிச் சிறுவராயிருந்தபோது, நோயாளர் வைத்தியசாலைக்குச் சென்றதும், மூட்டைகள் சந்தைக்குச் சென்றதும், மணமக்கள் கோயிலுக்குச் சென்றதும் சைக்கிளிலேதான். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலும் மூலையிற் கிடந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. அன்று வேறு வழியின்றி மிதித்தோம். இன்று விரும்பி மிதித்தால் என்ன என்னும் எண்ணத்துடன், ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாமும் எம்மிடம் பயிலும் மாணவர் மூவரும் நல்லூரிலிருந்து கீரிமலைக்குப் புறப்பட்டோம்.

காங்கேசன்துறை வீதி வழியே நேராகச் சென்றால் இது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடிய பயணந்தான். நாம் அவ்வழியை நாடவில்லை. பேருந்துகளும் பாரவண்டிகளும் ஓடும் பெருவீதிகளைக் கூடியவரை விலக்கி, உள்வீதிகளாலும் ஒழுங்கைகளாலும் கிழக்கே வளைந்து, பின்னர் மேற்கே திரும்பி, வடகடலை அடைவதென முடிவுசெய்தோம். முப்பது கிலோமீற்றர் அளவில் வரும். குடாநாட்டில் ஏறவும் இறங்கவும் மலைகள் இல்லை. இங்கே சைக்கிளோட்டிக்கு மேடும் பள்ளமும் காற்றுத்தான். ஆனியிலே சோளகம் வீசும். காலையில் முதுகைத் தள்ளி உதவும் அக்காற்று மாலையில் முகத்தில் அறையும். திரும்பி வருவதற்கும் வலுவை மிச்சம் வைத்தே புறப்படுதல் வேண்டும்.

விடியும் வேளையில் நல்லூர் மிக அழகாயிருக்கும். 1619இல் போர்த்துக்கேயர் வசமாகும் வரையில் இதுவே யாழ்ப்பாண அரசின் தலைநகர். 'ப' என்னும் எழுத்தின் வடிவில் அமைந்த யமுனா ஏரியையும், சங்கிலியன் பெயரால் வழங்கும் பழைய வாயில் வளைவையும் சுற்றிப் பார்த்தபின், கல்வியங்காடும் இருபாலையும் கடந்து கோப்பாயை அடைந்தோம். அங்கிருந்து வடக்கே செல்லும் உள்வழியை மக்கள் இன்றும் இராச வீதி என்றே அழைக்கின்றனர். அரசர் போன வழியில் அன்று காலையில் எமக்கு எதிர்ப்பட்டவர்கள் பாற்காரர் ஒருவரும் மாடுகள் நான்குமே.

கோப்பாய்க்கு அப்பால் மண்ணின் நிறம் மாறுகிறது. வலிகாமத்தின் செம்பாட்டு மண் இங்கே கண்ணை நிறைக்கிறது. நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள் வீதியின் இருமருங்கும் பசுஞ்சுவர்களாய் நிற்கின்றன. கதலி, இதரை, மொந்தன் என்று மாணவர் பெயர் சொல்லிப் போட்டியிட்டனர். வீட்டு வளவுகளில் மாமரங்கள் காய்த்துத் தொங்கின. கறுத்தக்கொழும்பான் பழுக்கும் காலம் அது. மதிலுக்கு அப்பால் மரம் தெரியாவிடினும் மணம் தெரிந்தது.

அடுத்த ஊர் சிறுப்பிட்டி. 1832இல் இங்கே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானவர். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சிலே தந்தவர். "சேர், இந்த ஒழுங்கையாலையோ அவர் பள்ளிக்கூடம் போயிருப்பார்?" என்று ஒரு மாணவன் வினவினான். பாடநூலில் ஒரு வரியாயிருந்த மனிதர் அவனுக்கு அக்கணத்தில் ஊரவர் ஒருவராகிவிட்டார்.

புத்தூரை அண்டிய நவற்கிரியில் இருப்பது நிலாவரைக் கிணறு. இராமபிரான் அம்பெய்து தோற்றுவித்தது என்பது ஐதிகம். இதில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்பது ஊர்க்கதை. கதை எவ்வாறாயினும், நிலத்தின் உண்மை அதனினும் வியப்பானது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கற் பாறை. மழைநீர் அதனைக் கரைத்துக் குகைகளையும் வெடிப்புகளையும் ஆக்கியிருக்கிறது. அத்தகைய குகை ஒன்றின் கூரை இடிந்து திறந்ததே இக்கிணறு. இதன் ஆழம் நூறு அடியை நன்கு விஞ்சும். மேலே உள்ளது நன்னீர், ஆழத்திலே உவர்நீர்.

இக்கிணறு குடாநாடு முழுவதற்கும் ஒரு மாதிரி எனலாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கு இல்லை. மாரியிலே பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, பாரமான கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. அக்கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே ஓரடி குறையுமாயின், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலேறும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

நிலாவரையிலிருந்து மேற்கே, புன்னாலைக்கட்டுவன், ஏழாலைப் பக்கமாகச் சுன்னாகத்தை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகள் சைக்கிளோட்டிக்கு வாய்த்த செல்வம். இடையிடையே முந்திரிகைப் பந்தல்கள் உண்டு. வெளியே வெயில் எரிந்தாலும் பந்தலின் கீழ் குளிர்ச்சி. தலைக்குமேல் கருநீலக் குலைகள். கவாத்துப் பண்ணிய கொடி மூன்று நான்கு மாதங்களில் மீண்டும் பழம் தரும் என்று தோட்டக்காரர் விளக்கினார். நிறுத்துத் தந்த பழத்துக்கு மேலாக ஒரு குலையை மாணவர் கையில் வைத்து, "இது காசுக்கில்லை, தம்பியவை, சைக்கிளிலை வந்ததுக்கு" என்றார்.

அப்பாலே ஓர் ஒழுங்கை முடக்கில், பூவரச மர நிழலிலே, மார்பளவு உயரமான கற்கட்டு ஒன்று நின்றது. மாணவன் ஒருவன் அதன்மேல் ஏறி அமர முற்பட்டான். படலையடியில் நின்ற ஆச்சி ஒருவர் குரல் கொடுத்தார்.

"அதிலை ஏறாதை மோனை. அது சுமைதாங்கி."

அவரே எம்மிடம் வந்து விளக்கினார். "என்ரை பேத்தியாற்றை தங்கச்சியின்ரை பேரிலை வைச்சது. வயித்துப் பிள்ளையோடை மோசம் போனவ. அந்தக் காலத்திலை சுன்னாகச் சந்தைக்குப் போற சனம் கடகத்தை இதிலை இறக்கி வைச்சிட்டுத்தான் ஆறும். இப்ப ஆர் தம்பி சுமக்கினம்?"

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைப்பது தமிழரின் பழைய வழக்கம். தன் சுமையை இறக்காமலே போனவள் பெயரால், போவோர் வருவோர் எல்லாரும் தம் சுமையை இறக்கி இளைப்பாறட்டும் என்று எண்ணிய நெஞ்சம் எத்தகையது! பக்கத்திலே ஒரு தூண் சாய்ந்து கிடந்தது. அது ஆவுரஞ்சிக்கல், மாடுகள் தம் உடலை உராய்ந்து தினவு தீர்ப்பதற்காக நட்டது. அவை நீரருந்தக் கட்டிய தொட்டி செத்தைகளால் மூடிக் கிடந்தது. மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் என்பன ஒருங்கே அமைந்த தெருக்கள் யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில் பல இருந்தன. மனிதனோடு மாட்டையும் நினைந்து போட்ட தெருக்கள் அவை.

"சந்தியிலையும் ஒண்டு நிண்டது. றோட்டை அகலமாக்கேக்கை கிண்டி எடுத்துப் போட்டினம். கல்லு எங்கை போச்சோ தெரியாது" என்றார் ஆச்சி. பின்னர் உள்ளே சென்று, செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து, "குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். இனிய தண்ணீர்.

சுன்னாகத்திலிருந்து சிறிது தொலைவில் கந்தரோடை இருக்கிறது. பனைகள் சூழ்ந்த வெளியிலே, சுண்ணக்கல்லாலான சிறிய தூபிகள் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள்போல் நெருங்கி நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் ஈ. பீரிஸ் என்பார் 1917ஆம் ஆண்டளவில் இங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். உரோம நாணயங்களும் இவ்வூரிலே கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துக் கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் வெளிப்பட்டன. நல்லூர் தலைநகராவதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, இக்குளக்கரையில் மக்கள் பயிரிட்டும் கடல் கடந்து வாணிகம் செய்தும் வாழ்ந்திருக்கின்றனர். தூபிகள் பௌத்த துறவியரின் நினைவாக எழுந்தவை என்பர் ஆய்வாளர் பலர். சைவம் தழைத்த இம்மண்ணில் ஒருகாலத்தில் பௌத்தமும் தழைத்திருந்தது என்பதை அறிவதால் எமக்குக் குறைவேதும் இல்லை, நிறைவே உண்டு.

கந்தரோடைக்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு, நூல்களிலே இடம் உண்டு. ஒழுங்கை முடக்கில் நிற்கும் சுமைதாங்கிக்கு ஓர் ஆச்சி மாத்திரமே உண்டு. அன்று பகல் முழுவதும் எம் மனத்தை உறுத்திய எண்ணம் இதுவே.

மாவிட்டபுரத்துக்கு வடக்கே வழி மேலும் வெறிச்சோடிக் கிடந்தது. இப்பகுதி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். 2009இல் போர் முடிந்தபின் காணிகள் பல கட்டங்களாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்களின் புது வீடுகளுக்கிடையே, கூரையற்ற பழைய வீடுகளும் நிற்கின்றன. ஒரு வீட்டின் நடுவறையிலே மாமரம் ஒன்று வளர்ந்து, சுவருக்கு மேலாகக் கிளை பரப்பிக் காய்த்திருந்தது. மாணவர் அதிலே கல்லெறியவில்லை. நாமும் விலக்கவில்லை, தேவை ஏற்படவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன்னரே கீரிமலையை அடைந்தோம். நகுலேசுவரப் பெருமானை வணங்கிவிட்டுக் கேணியில் இறங்கினோம். சுவருக்கு அப்பால் உப்புக்கடல் அலையெறிகிறது. சுவருக்கு இப்பால் பாறையினூடே நன்னீர் ஊறி வருகிறது. நிலாவரையில் கிணற்றுக்குள் கண்ட நன்னீரே இங்கே கடலைச் சந்திக்கிறது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவருக்கு நல்லுருத் தந்தது இத்தீர்த்தம் என்பர். முப்பது கிலோமீற்றர் மிதித்த கால்களின் நோவை அது தீர்த்தது என்பதற்கு நாமே சாட்சி.

மாணவ அன்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய கல்லொன்று நிற்றல் கூடும். அது எவர் பெயரால் எழுந்தது என்பதை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் இன்று இருப்பர். அவர்கள் போய்விட்டால் அது வெறுங் கல். வெறுங் கல்லைப் பெயர்த்தெறிய எவரும் தயங்கார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுங்கள். ஒரு குறிப்புப் புத்தகத்தையும், போத்தலிலே தண்ணீரையும், தொப்பியையும் மறவாதீர்கள். பெருவீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்புங்கள். படலையடியில் நிற்கும் ஆச்சியரிடமும் அப்புமாரிடமும் நின்று கேளுங்கள். கேட்டதை ஊர்ப் பெயரோடும் நாளோடும் எழுதி வையுங்கள்.

எம்முடன் வந்த மூவரும் அவ்வாறே தொடங்கிவிட்டனர். அவர்களின் புத்தகத்தில் இதுவரை பதினொரு சுமைதாங்கிகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் நான்குக்குப் பெயர் சொல்ல எவரும் இல்லை.