பன்னாடையின் பெருமை

மாணாக்கரைத் தரம் பிரிக்கும் நன்னூல், நெய்யரியைக் கடைமாணாக்கருக்கு உவமையாக்குகிறது. நெய்யை ஒழுகவிட்டுக் கசடை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் பன்னாடை அது. நல்லதை விட்டு அல்லதைப் பற்றுபவனுக்குப் பவணந்தியார் சொன்ன உவமை. இன்றும் பன்னாடை என்பது வசைச்சொல்தான். மிச்சிகனில் ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு எரிபொருள் வடிகட்டி பொருத்த நேர்ந்த பிறகு, அச்சொல்லின்மேல் எங்கள் இருவருக்கும் தனி மரியாதை உண்டாகிவிட்டது.

வண்டி அண்டை வீட்டுப் பெரியவருடையது. 1978ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கார்புரேட்டர் வைத்த எஞ்சின். மனைவி மறைந்தபின் அவர் அதை ஓட்டவில்லை. தொட்டியில் பாதிப் பெட்ரோலோடு ஆறு ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. பாதி காலியான இரும்புத் தொட்டிக்குள் குளிர்காலந்தோறும் காற்றின் ஈரம் நீராகப் படியும். அமெரிக்கப் பெட்ரோலில் வழக்கமாகக் கலக்கும் பத்து விழுக்காடு எத்தனாலும் நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். துரு பிடிக்க வேறென்ன வேண்டும்? இப்போது அவருடைய பேரன் கொலராடோவில் கல்லூரியில் சேரப் போகிறான். 1,200 மைலுக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தைத் தாத்தாவின் வண்டியிலேதான் செல்வேன் என்கிறான். பெரியவரின் முழங்கால்கள் வண்டிக்கடியில் புக இடந்தரவில்லை. ஆகவே கைகள் எங்களுடையவை, அறிவு அவருடையது என்று ஏற்பாடாயிற்று.

பழைய பெட்ரோலை வடித்துப் புதியது ஊற்றியதும் எஞ்சின் உயிர்பெற்றது. நின்ற இடத்தில் இனிமையாக ஓடும். மேட்டில் ஏறினால் இருமி அணைந்துவிடும். சில நிமிடம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். துருத்துகள் எங்கோ வழியை அடைக்கின்றன, ஓட்டம் நின்றதும் படிந்து வழிவிடுகின்றன என்றார் பெரியவர். கார்புரேட்டரின் வாயிலில் சிறு வடிகட்டி ஒன்று முன்பே உண்டு. ஆனால் அழுக்கு அதை எட்டுமுன் பம்பைக் கடந்தாக வேண்டும். பம்புக்கு முன்னாலேயே தடுப்பதுதான் முறை.

கடையில் இரண்டு வகை இருந்தன. உலோகக் கூடுள்ளது உறுதியானது; உள்ளே நடப்பது தெரியாது. ஒளிபுகும் பிளாஸ்டிக் கூடுள்ளதில் காகித மடிப்பு கண்ணுக்குத் தெரியும். வெப்பத்துக்கு மட்டும் அஞ்ச வேண்டும். இவ்வகை எஞ்சினில் எரிபொருளின் அழுத்தம் ஏழெட்டு பிஎஸ்ஐக்குள் அடங்கிவிடுவதால் பிளாஸ்டிக் தாங்கும். பிற்கால இன்ஜெக்ஷன் வண்டிகளின் அழுத்தம் பன்மடங்கு, அங்கே இது ஆகாது. நாங்கள் பார்வைக்கே வாக்களித்தோம்.

வேலை அரைமணி நேரம்தான். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்தபின் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். சட்டத்தின் ஓரமாக வரும் எஃகுக் குழாயையும் பம்பையும் இணைக்கும் ரப்பர்க் குழாயை, எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்றினோம். புகைக்குழாயின் சூட்டுக்கு எட்டாத இடத்தில் அதன் நடுவே வடிகட்டியை வைத்து, கூட்டின்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்குகிறதா என்று பார்த்துக் கிளாம்புகளை முறுக்கினோம். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு முனையையும் விரலால் தடவிப் பார்த்தோம்.

வண்டி மேடேறியது. பேரன் துள்ளினான். பெரியவர் எங்களிடம் தனியாகக் கேட்டார்: “இவனை இதில் அனுப்பலாமா?”

எளிய கேள்வியன்று. வண்டி ஓடுகிறது, ஓடுகிற வண்டியைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் நாற்பது மைலுக்குள் வடிகட்டியின் அடியில் செம்மண் போல் ஒரு படலம் படிந்திருந்தது. அதை மாற்றினோம், அடுத்ததும் ஒரு வாரத்தில் அதே நிறமாயிற்று. வடிகட்டி நோயைக் குணமாக்கவில்லை, நோயின் அளவை நாள்தோறும் காட்டிக்கொண்டிருந்தது. அதை மருந்தென்று எண்ணிப் பையனை அனுப்பினால், பெருஞ்சாலையில் பாரவண்டிகளுக்கு நடுவே எஞ்சின் அணையும்போது அவன் தனியாக இருப்பான்.

பயன்படுத்திய வடிகட்டியை அறுத்து, காகித மடிப்பை உலர்த்திப் பெரியவரின் சமையலறை மேசையில் விரித்தோம். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தம் கொட்டகையில் நின்ற ஆறு ஆண்டுகளும் அந்தக் காகிதத்தில் படிந்திருந்தன. “அவள் இருந்தபோது வாராவாரம் ஓடிய வண்டி,” என்று மட்டும் சொன்னார். மறுநாள் புதுத் தொட்டிக்குப் பணம் கொடுத்தார்.

தொட்டியை இறக்கி, எஃகுக் குழாயைக் கழுவி, புதியதை ஏற்ற ஒரு வார இறுதி முழுதும் ஆயிற்று. அதன்பின் பொருத்திய மூன்றாவது வடிகட்டி 300 மைலுக்குப் பிறகும் வெளுப்பாகவே இருந்தது.

கசடைப் பிடித்துவைப்பது மாணாக்கனுக்கு இழுக்காக இருக்கலாம். கசடு இருக்கிறதென்று சொல்ல ஒருவரும் முன்வராத இடத்தில், அதைப் பிடித்துக் கண்முன் நிறுத்தும் ஒன்று வேண்டியிருக்கிறது. பார்த்தபின் தொட்டியை இறக்குவது நம் வேலை; அதைப் பன்னாடை செய்யாது.

பையன் ஆகஸ்டின் கடைசியில் கிளம்பினான். டாஷ்போர்டுப் பெட்டியில் இரண்டு வடிகட்டிகளும் ஒரு திருப்புளியும் வைத்துக்கொடுத்தோம். பெட்ரோல் போடும்போதெல்லாம் குனிந்து நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பது தாத்தாவின் கட்டளை. அவன் போய்ச் சேர்ந்த அன்றிரவு பெரியவருக்கு வந்த குறுஞ்செய்தியில் ஒரே சொல்தான் இருந்ததாம்: ‘வெள்ளை.’