உயிரெழுத்துகள் எத்தனை?

2008-ஆம் ஆண்டு. நான் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் தமிழ்மொழிக் கழகத்தின் செயலவையில் இணையப்பக்கப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. கணினித்துறை மாணவன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் இல்லை!

புதிய மாணவர்கள் எங்களைத் தொடர்புகொள்ள ஒரு படிவம் அமைத்தேன். பெயர், மின்னஞ்சல், செய்தி என மூன்றே பெட்டிகள். தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்புகள். நிரப்பி அனுப்பினால் கழகத்தின் மின்னஞ்சலுக்கு வந்து சேரும். முதல் வாரம் நான்கு கடிதங்கள் வந்தன. மூன்றாம் வாரம் ஒரே இரவில் இருநூறுக்கு மேல்! போலிக் கைக்கடிகாரம், சூதாட்டம், வெளியில் சொல்ல முடியாத மருந்துகள், ரஷ்ய மொழியில் நீண்ட நீண்ட மடல்கள்.

இவற்றை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. இணையத்தில் அலையும் நிரல்கள், படிவம் எங்கே கண்டாலும் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பி அனுப்பிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடும். தாங்கள் இட்ட இணைப்பு ஏதாவது ஒரு பக்கத்தில் வெளியானால் தேடுபொறியில் தங்கள் கடைக்கு மதிப்புக் கூடும் என்பது அனுப்புவோரின் கணக்கு. எங்கள் படிவத்தில் எழுதுவது எங்குமே வெளியாகாது என்பதை அந்த நிரல்கள் எங்கே அறியும்?

கோணல்மாணலான எழுத்துகளைப் படமாகக் காட்டி அவற்றைத் தட்டச்சு செய்யச் சொல்லும் 'கேப்ட்சா'வை முதலில் வைத்தேன். கழகத் தலைவரே மூன்று முறை தோற்றார். பிறகுதான் அந்த யோசனை வந்தது. "தமிழில் உயிரெழுத்துகள் எத்தனை?" என்று தமிழில் மட்டும் ஒரு கேள்வி. விடையை எண்ணில் எழுதினால் போதும். தவறினால், "நீங்கள் இயந்திரமா?" என்று சிவப்பில் ஒரு வரி. அன்றிரவே குப்பை நின்றது. செயலவைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். எங்கள் வாசலில் தமிழே காவல் நிற்கிறது என்று நானும் பெருமை பேசினேன்.

ஒரு மாதம் கழித்து, விடுதி உணவகத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி தோழியுடன் வந்து நின்றாள்.

"அண்ணா, கழகத்துக்கு நாலு தடவ எழுதினேன். போகவே இல்ல."

சீனப்பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ்தான் பேசுவாள், படிக்கத் தெரியாது. கேள்வி என்னவென்று புரியாமல் தன் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறாள். பிறகு மாணவர் எண்ணை. சிவப்பு வரியைத் தோழிதான் படித்துச் சொன்னாளாம்.

"என்னம்மா எழுதின?"

"தமிழ் படிக்கத் தெரியாதவங்களுக்கு வகுப்பு இருக்கான்னு கேட்டேன்."

எனக்கு அதன்பின் சோறு இறங்கவில்லை.

அன்றிரவே கேள்வியை எடுத்துவிட்டேன். பதிலாக நான்காவது பெட்டி ஒன்றைச் சேர்த்து, திரைக்கு வெளியே தள்ளி மறைத்தேன். மனிதர் கண்ணில் படாததால் அது காலியாகவே வரும். நிரலோ திரையைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் மூலக் குறிகளைப் படித்து அதையும் நிரப்பிவிடும். கணினிக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் தேன்பானை! பக்கம் திறந்து மூன்று நொடிக்குள் வந்து சேரும் படிவத்தையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன். ஆனால், எதையும் அழிக்கவில்லை. தனிக் கோப்புறையில் போட்டு வாரம் ஒருமுறை நானே பார்ப்பேன். தேன்பானைக்குத் தப்பி வந்த குப்பையும் உண்டு; அதைக் கையால் பொறுக்கிக்கொண்டேன். (இன்று அந்த உயிரெழுத்துக் கேள்வியை வைத்தாலும் பயனிருக்காது. தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை சொல்லும் நிரல்கள் வந்துவிட்டன.)

ஒரு சிக்கல் இருந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், மறைந்த பெட்டியையும் வாசித்துவிடும். இன்னொருவரை வாசலில் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே, நிரப்ப வேண்டாம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பெட்டிமேல் எழுதினேன். தமிழ் வரி மட்டும் எப்படியோ விடுபட்டுப் போனது.

அடுத்த பருவத்தில் எழுத்து வகுப்பு தொடங்கினோம். ஏழு பேர் வந்தார்கள். பருவ முடிவில் அந்தத் தமிழ் வரியை அவளே தட்டச்சு செய்தாள்: "இதை நிறப்ப வேண்டாம்." வல்லின 'ற'. கண்ணுக்குத் தெரியாத வரிதானே என்று நான் திருத்தவில்லை.