வருகைப் பதிவேட்டின் வலது ஓரம்

1991 கடைசி. நான் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டர். புதுக்கோட்டையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம், இறங்கிக் கண்மாய்க் கரையோடு இரண்டு மைல் நடை. அந்த ஊரில் என் மையம். ஆரம்பப் பள்ளித் திண்ணை, ஒரு அரிக்கேன் விளக்கு, 17 பெண்கள். பாதிப் பேர் கல் உடைக்கப் போகிறவர்கள். எழுதும்போது சிலேட்டில் அவர்கள் விரல் வெடிப்பு உரசுகிற சத்தம் பல்பச் சத்தத்தோடு சேர்ந்து கேட்கும்.

பதிவேட்டில் வந்தவருக்கு ஒரு கோடு, வராதவருக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டாம் மாதத்தில் பெருக்கல் குறிகள் கூடிக்கொண்டே போயின. மாதக் கூட்டத்தில் எழுந்து, "ஆர்வம் குறையுது" என்று சொன்னேன். எனக்கு முன்னால் பேசியவர்களும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். இன்னும் நல்ல பாட்டு வேண்டும், வீதி நாடகம் போட வேண்டும் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஆசிரியை ஒருவர் என் பதிவேட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "வலது ஓரம் சும்மாதானே கிடக்கு தம்பி. ஒவ்வொரு பெருக்கலுக்கும் பக்கத்துல ஏன்னு ஒரு வார்த்தை எழுதிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

*

மூன்று வாரம் எழுதினேன். ஒருநாள் ராத்திரி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அதே திண்ணையில் படுத்திருந்தபோது, அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தேன்.

தண்ணிக்குப் போனது. விறகு. பஸ் வரல. சந்தையிலேர்ந்து நடந்து வந்தது, இருட்டிடுச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு நடை. தண்ணி. தண்ணி. குவாரியில் நேரமாயிடுச்சு. பஸ் வரல.

'பிடிக்கல' என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாமே தூரம். நான் ஆர்வத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்குள் ஏற்பட்ட அதிர்ச்சியை இன்னும் மறக்கவில்லை. விடை கிடைத்துவிட்டது என்பதால் வந்த அதிர்ச்சி இல்லை அது. இரண்டு மாதமாகத் தப்பான கேள்விக்கு உழைத்திருக்கிறேனே என்பதால் வந்தது.

*

நடந்ததைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்கு எங்கள் ஐயா வைத்திருந்த சொல்: அசைபோடுறது. மேய்கிற நேரத்தில் மாடு வேகமாக மேயும். பிறகு புளியமர நிழலில் படுத்து, உள்ளே போனதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். மேய்ந்தது உடம்பில் ஒட்டுவது அப்போதுதான். கவலைப்படுவதையும் அசைபோடுவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பார். கவலை ஒரே உருண்டையைத் திரும்பத் திரும்ப உருட்டும். அசைபோட்டால் உருண்டை உடையும்.

*

மாவட்டம் முழுவதற்குமாக அதே தூரத்தைப் பார்த்தவர் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் நினைத்த இடத்துக்குத் தாங்களாகப் போய்வர முடியாததுதான் அவர்களுடைய தன்னம்பிக்கையைக் குறைக்கிறது என்று கண்டு, எழுத்தறிவு இயக்கத்துக்குள்ளேயே சைக்கிளைக் கொண்டுவந்தார். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் நிறைய. முதலில் அறிவொளிப் பெண் தொண்டர்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்களைப் பார்த்துப் படிக்க வந்தவர்களும் கேட்டார்கள். பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளிடம் ஆட்சியர் வற்புறுத்தினார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது. 1992 மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தார்கள். கேலி பேசியவர்கள் கடை வாசலில் வாயடைத்து நின்றதை நான் பார்த்தேன். அந்த இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே வந்து பார்த்து எழுதியது பிறகு 1996-ல் புத்தகமாகவும் வந்தது.

*

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஆம்பளைச் சைக்கிள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோயிற்று. தட்டுப்பாடு. நாங்கள் இதை ஒரு சிக்கலாக எழுதி வைத்திருந்தோம். பெண்களோ பாரில் காலைத் தூக்கிப் போட்டு ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பிறகு லேடீஸ் சைக்கிள் வந்தும் பலர் மாற்றவில்லை. ஏன் என்று என் மையத்து அக்கா ஒருவரைக் கேட்டேன்.

"அந்தப் பாரு இருக்குல்ல தம்பி, அதுல சின்னவளை உக்கார வைக்கலாம். பின்னாடி குடம். பாரு இல்லாத வண்டியில பிள்ளையை எங்கே வைக்கிறது?"

சொல்லிவிட்டுச் சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே சுற்றியிருந்த பழைய புடவைத் துணியைக் காட்டினார். பிள்ளையின் தொடை உரசாமல் இருப்பதற்காக நாலு சுற்று, முடிச்சு கீழ்ப்பக்கம். அந்த முடிச்சை எங்கே போடுவது என்பதுகூட இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, பிள்ளை அழுததைக் கவனித்து, மாற்றிப் போட்டதுதான் என்றார். எந்தப் பயிற்சி முகாமிலும் நாங்கள் சொல்லித்தந்ததில்லை.

*

அந்த அக்கா முடிச்சை மாற்றிப் போட்டதைப் புத்தகங்களும் சொல்கின்றன. கணித மேதை ஜார்ஜ் போல்யா கணக்குப் போடும் கலையைப் பற்றி 1945-ல் எழுதிய புத்தகத்தில் நான்கு படிகள் வைக்கிறார். புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். நான்காவதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறோம், விடை வந்ததும் நோட்டை மூடிவிடுகிறோம். அவருக்கு முன்னால், 1910-ல், கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி சிந்தனையைப் பற்றி எழுதியபோது, முதலில் தோன்றும் விடையைப் பிடித்துக்கொள்ளாமல் சற்று நிறுத்தி வைக்கிற பொறுமையைத்தான் பெரிதாகச் சொன்னார். 'ஆற அமர' என்று நம் வீடுகளில் சொல்வதில் இரண்டும் இருக்கிறது. சூடு ஆற வேண்டும், ஆள் அமர வேண்டும்.

*

இந்தத் திரும்பிப் பார்த்தல் எங்கள் மாவட்டத்துக் கண்மாய்களிலும் உண்டு. அங்கே தண்ணீர் திறந்துவிடும் குமிழித் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், குறுக்கே துளையிட்ட கற்கள். பலவற்றில் கல்வெட்டும் உண்டு. அடியில் ஒரு தொட்டி. மேலே நீரோடி, கீழே சேறோடித் துளைகள். குமிழிக் கல்லைத் தூக்கினால் தண்ணீரோடு அடியில் படிந்த வண்டலும் கிளம்பி வயலுக்குப் போய்விடும்.

கண்மாய் வெட்டின முதல் வருஷத்தில் சேறு ஒரு சிக்கலே இல்லை. பத்து, இருபது வருஷம் நிறைந்து வற்றிய கண்மாயைத் திரும்பத் திரும்பப் பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும். 5000-க்கு மேல் நீர்நிலைகள் உள்ள வானம் பார்த்த சீமை இது. வற்றின கோடையில் கண்மாய்க்குள் இறங்கி அந்தத் தூணைத் தொடும்போதெல்லாம், இதை அமைத்தவர் வெட்டிவிட்டுப் போனவர் இல்லை, திரும்பி வந்து பார்த்தவர் என்று தோன்றும்.

*

2006-ல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அதைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தொலைவில் உள்ள ஊர்களில்தான் பலன் அதிகம். மறுபடியும் தூரம். அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்தபோது அரிக்கேன் வெளிச்சத்தில் பார்த்த வலது ஓரம் நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது.

*

வலிக்கிற ஒன்றையும் எழுதியாக வேண்டும். 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நான் பதிவேட்டை மூடினேன். வேலை கிடைத்து வெளியூர் போனேன். நாலு வருஷம் கழித்து வந்தபோது, என் 17 பேரில் பாதிக்கு மேல் பெயர் தவிர மற்ற எழுத்துகளை மறந்திருந்தார்கள். படிக்க வீட்டில் ஒன்றுமில்லை, எழுத ஒரு தேவையுமில்லை. சைக்கிள் மறக்கவில்லை, அது தினமும் வேண்டியிருந்தது. சைக்கிள் ஏன் தங்கியது, எழுத்து ஏன் போனது என்று அந்த ஆகஸ்டிலேயே ஒரு ராத்திரி உட்கார்ந்து அசைபோட்டிருந்தால், தினமும் கையில் எடுக்க வேண்டிய கணக்கு நோட்டு, கடிதம், எதையாவது ஒன்றை அவர்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கைதட்டல் சத்தத்தில் அது தோன்றவில்லை.

*

2022. அண்ணன் மகள் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர். மாலையில் வீட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வருகையைப் போனிலேயே பதிந்துவிட்டாள். பிறகு சின்ன நோட்டு ஒன்றை எடுத்து என்னவோ எழுதினாள். கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான் அவளிடம் என் பதிவேட்டைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

தங்கச்சியைப் பார்த்துக்கணும். போன் ரீசார்ஜ் இல்லை. அம்மா நூறு நாள் வேலை. மாட்டுக்குத் தண்ணி. மாட்டுக்குத் தண்ணி.

"இந்தப் பையன் புதன்கிழமை மட்டும்தான் சித்தப்பா வரமாட்டேங்கிறான். எல்லாப் புதனும் மாட்டுக்குத் தண்ணிங்கிறான். மத்த நாள்ல மாடு தண்ணி குடிக்காதா?"

வர்ற புதன்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுப் பக்கம் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். என்னையும் கூட வரச் சொன்னாள்.