தேடிய செல்வம்

நாட்டரசன்கோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களில் பிறந்தோர் பலர் கடல் கடந்து பொருளீட்டினர். அந்நாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியாரோ, கடல் கடந்து படச்சுருள்களைத் தேடினார். 1937 அக்டோபர் 2ஆம் நாள், கப்பற்பயணத்தின்போது, காந்தியடிகளின் வாழ்வைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருள்ளத்தில் அரும்பியது. அதன்பொருட்டு உலகெங்கும் அலைந்து, பலர் எடுத்த படங்களிலிருந்து 50,000 அடிச் சுருள்களைத் திரட்டினார். அக்காலப் படச்சுருள் தீப்பொறி பட்டால் நொடியில் எரியும். வெப்பமும் ஈரமும் தாக்கினால் நாளடைவில் சிதையும். வழிப்பயணத்தில் அதனைக் காத்தல், பொன்னைக் காப்பதினும் அரிது. காத்தார், 1940இல் படம் வெளிவந்தது. ஆயினும், அத்தமிழ்ப்படத்தின் முழுவடிவம் இன்று கிடைத்திலது. தேடுதல் ஒருவர் முயற்சியாற் கூடும். தேடியதைப் பேணுதல் பின்வருவோர் அனைவர்க்கும் கடனாகும்.