டேராடூன்: வயல் தொலைத்த பள்ளத்தாக்கு

வடக்கே முசூரி மலை, தெற்கே சிவாலிக் குன்றுகள். நடுவே கிண்ணம்போல டேராடூன். 1802இல் சென்னை பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணியைத் தொடர்ந்த சர்வே ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இங்கேதான். 1929இல் திறக்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவன மாளிகையைப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

பல்டன் பஜாரில் பாசுமதி கேட்டேன். "டூன் அரிசிதானா?" என்றதும் கடைக்காரர் சிரித்தார். 2000இல் உத்தராகண்டின் தலைநகரான பிறகு நகரம் வீங்கியது. பாசுமதி வயல்கள் வீட்டுமனைகளாயின. ஊருக்கு நீர் தந்த கிழக்குக் கால்வாய் மூடப்பட்டு, இன்று அதன்மேல் வாகனங்கள் ஓடுகின்றன.

பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் பலவற்றை 1980களில் உச்ச நீதிமன்றம் மூடியது. வெட்டுண்ட சரிவுகளில் மரங்கள் மீண்டும் வளர்ந்தன. வீடு முளைத்த வயலில் நெல் இனி முளைக்காது.