வெங்காயத்தாமரையின் மேல் ஒரு விளைநிலம்

வங்கதேசத்தின் தென்பகுதித் தாழ்நிலங்களில் ஆனி மாதம் பிறந்துவிட்டால், வயல் என்று சொல்ல ஒரு சாண் தரை மிஞ்சுவதில்லை. ஆறுகள் கரை கடந்து எழுகின்றன; வானம் ஓயாது பொழிகிறது; கடலின் ஏற்றமோ வடிய வேண்டிய நீரை வடியவிடாமல் தடுக்கிறது. ‘பீல்’ என்று அங்குள்ளோர் வழங்கும் பள்ள நிலங்கள் ஆண்டில் பாதிக்கு மேல் நீருக்குள்ளேயே கிடக்கின்றன. இத்தகைய நாட்டில் உழவன் என்ன செய்வான்? வலையை எடுப்பான், இல்லையேல் மூட்டை கட்டிக்கொண்டு டாக்கா நகருக்குப் போய் ரிக்ஷா மிதிப்பான். ஆனால், பிரோஜ்பூர் மாவட்டத்து நாசிர்பூர் வட்டாரத்தில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதைக் காணவே நாங்கள் புறப்பட்டோம்.

2022 ஜூன் மாதம் பத்மா ஆற்றுப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, டாக்காவிலிருந்து பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் பரிசால் நகரை அடைந்துவிடலாம். எனினும் நாங்கள் பழைய வழியையே விரும்பி, சதர்காட் துறையில் இரவு லாஞ்சில் ஏறினோம். பாலம் வந்ததிலிருந்து லாஞ்சுகளில் முன்போல் கூட்டமில்லை என்று பணியாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். பரிசாலிலிருந்து பனாரிபாரா வரை சாலை. அதற்கப்பால் சந்தியா ஆறு, பிறகு ஓடை, ஓடைக்குள் மற்றோர் ஓடை.

படகு ஒரு திருப்பத்தைக் கடந்தது. கண்ணெட்டும் தூரம் வரை நீண்ட பச்சைப் பாத்திகள்! ஒன்றையொட்டி ஒன்றாக, பாய் விரித்தாற்போல் நீரின்மேல் கிடந்தன. ஒன்றில் வெண்டை, ஒன்றில் செங்கீரை, மற்றொன்றில் சுரை நாற்று. பாத்திகளின் இடையே ஒரு சிறு படகு நுழையுமளவே நீர் விட்டிருக்கிறார்கள். எங்கள் படகோட்டி துடுப்பை நீட்டி ஒரு பாத்தியைத் தள்ளினார்; அது மெல்ல அசைந்து கொடுத்தது. அதற்கடியில் மண் இல்லை. இருப்பதெல்லாம் வெங்காயத்தாமரை.

நம் செய்தித்தாள்கள் ஆகாயத்தாமரை என்று எழுதுவது பெரும்பாலும் இச்செடியைத்தான். காம்பு வெங்காயம்போல் உப்பியிருப்பதால் வெங்காயத்தாமரை என்பதே பொருத்தமான பெயர். நம் மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்பது வேறொரு மிதவைச் செடியை. வங்காளிகள் முன்னதைக் ‘கச்சுரிபானா’ என்றும், பின்னதைத் ‘தோபாபானா’ என்றும் பிரித்தே வழங்குகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கச்சுரிபானா வங்காளத்து ஆறுகளையெல்லாம் அடைத்துக்கொண்டது. நெல்லை அழித்தது; படகை மறித்தது. அதை ஒழிக்க 1936-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். சட்டத்துக்கு அஞ்சாத அச்செடியைத்தான் இவ்வூர் உழவர்கள் வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள்!

பாத்தி அமைக்கும் விதத்தை ஒரு முதியவர் எங்களுக்குச் செய்தே காட்டினார். அவரை ‘சாச்சா’ என்றே ஊரார் அழைத்தனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். செடி அடர்ந்து கிடக்கும் இடத்தில் இரண்டு மூங்கில்களை நீளவாக்கில் கிடத்தி, அவற்றின்மேல் ஏறி நின்றுகொள்கிறார். இருபுறமும் கைக்கெட்டிய செடிகளைப் பறித்துக் காலடியில் போட்டு மிதிக்கிறார். அடுக்கு உயர உயர அதுவே அவரைத் தாங்குகிறது. சில நாட்கள் கழித்து, செடி அழுகிப் படிந்ததும், மேலும் ஓர் அடுக்கு. அதற்கும் மேல், மக்கிய செடியையும் சிறு பாசிகளையும் பரப்புகிறார்கள். கடைசியில் மூங்கில்களை உருவி அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகிறார்கள். நாங்கள் கண்டவை ஏறத்தாழ 4 அடி அகலமும் 150 அடிக்குக் குறையாத நீளமும் உடையவை. அகலம் ஏன் அவ்வளவுதான் என்று கேட்டோம். சாச்சா விடை கூறவில்லை. படகில் அமர்ந்தபடியே கையை நீட்டிப் பாத்தியின் நடுவைத் தொட்டுக் காட்டினார்.

பாத்திக்கு நீர் பாய்ச்ச வேண்டியதில்லை. வேர் வேண்டிய ஈரத்தைக் கீழிருந்தே பெறுகிறது. ஆற்றுநீரில் கரைந்துள்ள சத்துகளை வெங்காயத்தாமரை முன்பே உறிஞ்சி வைத்திருக்கிறது. அழுகும்போது அவற்றைப் பயிருக்குக் கொடுத்துவிடுகிறது. வெள்ளம் ஏறினால் பாத்தியும் ஏறும், இறங்கினால் இறங்கும். கார்த்திகையில் நீர் வடிந்ததும் பாத்தி தரைதட்டுகிறது. அதை உடைத்து நிலத்தில் பரப்பிவிட்டால் குளிர்காலக் காய்கறிக்கு அதுவே எரு. உரமே போடுவதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மையன்று. நாற்றுக்கு யூரியா கரைத்துத் தெளிப்பதை நாங்களே பார்த்தோம்.

நீரின் நடுவே நடப்பதைவிட வீட்டுத் திண்ணைகளில் நடக்கும் வேலையே எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது. விதையை நேராகப் பாத்தியில் தூவினால் அது அழுகிப்போகும். ஆகவே, நீர்க்கொடிகளையும் மக்கிய தோபாபானாவையும் சேர்த்து, கைக்கு அடங்கும் உருண்டையாகச் சுற்றி, அதன் நடுவில் முளைவிட்ட விதையை வைக்கிறார்கள். இது முழுவதும் பெண்களின் தொழில். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் எதிரெதிரே அமர்ந்து, பேச்சு நிற்காமலும் கை நிற்காமலும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் உருண்டைக்கு இவ்வளவு என்று கூலி. விரலிடுக்குகள் ஈரத்தில் வெந்து வெளுத்திருந்தன. “இரவில் எரியும்; கடுகெண்ணெய் தடவிக்கொள்வோம்” என்றாள் மருமகள். புகைப்படங்களில் பச்சைப் பாத்தி வருகிறது. இந்த விரல்கள் வருவதில்லை.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2015-இல் இம்மிதவைத் தோட்டங்களை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருமை சாச்சாவின் கடனைக் குறைக்கவில்லை. பருவத் தொடக்கத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். அதற்கு ஈடாக, நாற்றை அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். நீர் நிற்கும் நிலமும் பிறருடையது, அதற்குக் குத்தகை. ஒருகாலத்தில் வேண்டாத களையாயிருந்த வெங்காயத்தாமரையையே இன்று படகுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்குகிறார். எல்லாவற்றிலும் பெரிய அச்சம் உப்பு. வெங்காயத்தாமரை உவர்நீரில் பிழைக்காது. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுமானால், பயிர் அழியுமுன் பாத்தியே இல்லாமற்போகும். “என் மூத்த மகன் டாக்காவில் தையற்கூடத்தில் இருக்கிறான், இளையவன் என்னோடு இருக்கிறான், இந்த ஆண்டு வரை” என்றார். ‘இந்த ஆண்டு வரை’ என்பதை மட்டும் இருமுறை சொன்னார்.

மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் கலைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரை 1937-இல் உலகறியச் செய்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கெரிக்கி. இன்று நம் நகரங்களில் மொட்டைமாடிக் குழாய்களில் கீரை வளர்ப்போர் பின்பற்றுவது அவ்வழியே. அதை நாங்கள் குறைகூறவில்லை. நீர் மிகவும் மிச்சமாகிறது. ஆனால் குழாயில் ஓடும் சத்துநீர் மின்மோட்டாரை நம்பியிருக்கிறது. கோடை வெயிலில் மோட்டார் சில மணி நேரம் நின்றால் செடி துவண்டுவிடும். நாசிர்பூரின் மோட்டார் ஆறுதான்.

நம் ஊர் ஏரிகளிலும் இச்செடி மண்டிக் கிடக்கிறதே, அங்கும் இவ்வாறு செய்யலாகாதா என்று வாசகர் கேட்பார்கள். எங்களுக்கும் அவ்வெண்ணம் எழுந்தது. ஆனால் நம் நகரத்து நீர்நிலைகளில் அது செழிப்பதற்குக் காரணம் சாக்கடை. ஆலைக்கழிவிலுள்ள ஈயம் போன்ற நச்சு உலோகங்களையும் வெங்காயத்தாமரை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். அதன்மேல் விளைந்த கீரையைக் குழந்தைக்குக் கொடுக்க எந்தத் தாய் துணிவாள்? கழிவுநீர் கலவாத கிராமத்துக் கண்மாய்களில், நீர் நிற்கும் சில மாதங்களுக்கு, ஊரார் கூடி ஒரு பாத்தி போட்டுப் பார்க்கலாம். முதலில் அந்நீரைச் சோதிக்க வேண்டும்.

மறுநாள் விடியுமுன் பைடாகாட்டா மிதவைச் சந்தைக்குச் சென்றோம். இருட்டிலேயே படகுகள் ஒன்றோடொன்று உரசி நின்றன. தட்டுத் தட்டாகப் பூசணி நாற்று, கத்தரி நாற்று, பப்பாளி நாற்று. வாடாதிருக்க மேலே ஈரச் செடிகளைப் போர்த்தியிருந்தார்கள். சாச்சாவின் இளைய மகன் ஒரு வியாபாரியோடு விலை பேசிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டு தலையசைத்தான், பேச நேரமில்லை. நீர் வற்றத் தொடங்கிவிட்டால் ஓடைக்குள் படகு நுழையாது. அதற்குள் அவன் முந்நூறு நாற்றை விற்றுவிட்டு வீடு திரும்ப வேண்டும்.